மனை வாங்குமுன் தெருவை எண்ணிப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் வரைவது என் தொழில். மனை பார்க்கிறவர்கள் சென்ட் விலை, கிணற்றுத் தண்ணீர், வாஸ்து எல்லாம் விசாரிப்பார்கள். தெரு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவர் அபூர்வம். வீட்டை இடித்துக் கட்டலாம். போட்ட தெருவை மாற்றிப் போடுவது லேசில் நடக்காது.

லேஅவுட் வரைபடத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை வழி சேர்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்துக்கு 1. கூட்டி, மொத்தப் புள்ளிகளால் வகுங்கள். உள்ளே 2 முச்சந்தி, 3 முட்டு என்றால் சராசரி 1.8. அந்த மூன்று முனைகளும் பக்கத்துத் தெருக்களைத் தொட்டிருந்தால் 3 வரும். எண் கூடக் கூடத் தெருக்கள் ஒன்றோடொன்று நன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை வைத்து உலகம் முழுக்க இதையும் வேறு சில அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். நகரங்கள் புதிதாகப் பரவும் இடங்களில் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்பது 1975 முதல் உலக அளவில் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் அது 1990-களின் நடுவில் உச்சம் தொட்டு இறங்கியது.

நம் பக்கம், களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும், விளைக்கு (தோட்ட நிலத்துக்கு) ஒரு வீடு என்று பரவிய ஊர்கள். பெரிய ரோடு ஒன்று, இருபுறமும் மீன்முள் மாதிரி முடுக்குகள். விளையை மனையாகப் பிரிக்கும்போது முடுக்கு அகலமாகிறது, முனை மட்டும் திறப்பதில்லை. பால் வாங்கப் போகிறவரும் பெரிய ரோட்டுக்கு வந்தாக வேண்டும். மேம்பாலம் கட்டினாலும் இந்த நெரிசல் முழுசாகத் தீராது.

அப்புறம் நேரில் போங்கள். தெரு முடிகிற இடத்தில் நின்று, தார் முடிவதற்கும் அடுத்தவர் எல்லைக்கல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில புரோமோட்டர்கள் அங்கே ஓர் அடி நிலத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்த ஓர் அடியைத் தாண்டிப் பக்கத்து விளைக்காரர் வழி எடுக்க முடியாது. நாளை அவர் நிலம் மனையானால் அங்கேயும் ஒரு முட்டுச்சந்துதான். எனக்கு இதைப் பார்த்தால் ஆத்திரம் வரும். அளந்து பார்த்து, நில அளவை வரைபடமான புலப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

பின்மதில் ஒட்டிய வீட்டுக்கு வாசல் வழியாக நடந்து போய்ப் பாருங்கள். கால் மணி நேரம் பிடித்தால் அந்த மனையை யோசித்து வாங்குங்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் தினமும் நடக்க வேண்டிய தூரம் அது.

தெருக்கள் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். பக்கத்து விளைக்காரரோடு சேர்ந்து முனையைத் திறந்து வைக்கப் புரோமோட்டரிடம் சொல்வதானால், லேஅவுட் அனுமதிக்குப் போகுமுன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.