ஈபிள் கோபுரத்துக்குள் சாப்பாடு: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

விசிட் விசாவில் பாரிஸ் வரும் அம்மா அப்பாவை ஈபிள் கோபுரத்தில் வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது அங்குள்ள பிள்ளைகள் பலரின் ஆசை. கிளிநொச்சியிலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் போகிறவர்கள் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வருவது நேரத்தில், சமையலறைக்குச் சொல்லாமல் விட்டதில், கைப்பையில்.

கோபுரத்தில் இருந்து சாப்பிட இரண்டு உணவகங்கள் உண்டு. முதல் தட்டில், அதாவது முதல் மாடியில், 57 மீற்றர் உயரத்தில், மடாம் பிறாசறி. 2022இல் சமையற்கலைஞர் தியறி மார்க்ஸின் மெனுவோடு திறந்தது. இரண்டாம் தட்டில், 125 மீற்றரில், லு ஜூல் வேர்ண், 1983இலிருந்து இருக்கிறது. 2019இல் பிரெடெரிக் அன்ரோன் அதன் சமையலறையைப் பொறுப்பெடுத்தார், 2024இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் இரண்டாவது நட்சத்திரமும் கிடைத்தது. ஜூல் வேர்ணுக்குத் தெற்குக் காலில் தனி லிஃப்ற். பல தட்டுகளாக வரும் முழு மெனுவுக்கு ஆளுக்கு இருநூறு யூரோவைத் தாண்டும், குடிவகை அதற்குப் புறம்பு.

முதல் தடவை வரும் பெற்றோருக்கு மடாம் பிறாசறியில் மதியச் சாப்பாடே போதும். காசு மட்டும் காரணமில்லை. கோடையில் பாரிஸில் இரவு 9 மணி என்றால் வன்னியில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. வந்திறங்கிய முதல் வாரத்தில் அந்த நேரத்துக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம் கதிரையில் இருத்தினால், நல்ல தட்டு வரும்போது அப்பா தூங்கி விழுவார். மதியம் 12 மணி அவர்களுக்குக் கோடையில் பின்நேரம் 3.30, குளிர்காலத்தில் 4.30, உடம்பும் முழித்திருக்கும், பசியும் இருக்கும். இரவு வெளிச்சத்துக்காக இராச் சாப்பாடுதான் வேண்டுமென்றால் மாதத்தைப் பாருங்கள். ஜூனில் சூரியன் மறைய ஏறத்தாழ 10 மணியாகும், ஏழு மணிக்குப் போனால் சாப்பிட்டு முடியும்வரை பகல்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

திகதி முடிவானதும் இணையத்தில் பதிந்துவிடுங்கள். வங்கி அட்டை விவரம் கேட்பார்கள். கடைசி நேரத்தில் போகாமல் விட்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற பகுதியை வாசித்த பிறகே அழுத்துங்கள். மடாம் பிறாசறியில் கண்ணாடியோர மேசைக்கு விலை வேறு. அதைப் பதியும்போதே தெரிவு செய்யாமல் அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை. முதல் தட்டுக்கு ஏறும் செலவு பதிவுக்குள் அடக்கம், ஆகவே தனியாக ரிக்கற் எடுத்து இரண்டு தரம் காசு கட்ட வேண்டாம். உச்சிக்குப் போக வேறு ரிக்கற் வேண்டும். சக்கர நாற்காலி இரண்டாம் தட்டுவரை போகும், உச்சிக்கு விடமாட்டார்கள். பதிய முன் நாட்காட்டியையும் ஒருக்கால் பாருங்கள். வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டியோ என்று தெரியாமல் பதிந்துவிட்டு, அம்மா பாணும் தண்ணியுமாக இருக்கிற நிலை வரக்கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வரி எழுதினால் காணாது. ‘வெஜிற்றேரியன்’ என்றால் பிரெஞ்சுச் சமையலறையில் முட்டையும் சீஸும் வரும். ‘வீகன்’ என்றால் வெண்ணெயும் பாலும்கூடப் போய்விடும். எங்கள் சைவச் சாப்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனவே பால், வெண்ணெய் சரி, முட்டை, மீன், இறைச்சி வேண்டாம் என்று பிரித்து எழுத வேண்டும். மச்சம் சாப்பிட்டு மாடு மட்டும் தொடாதவர்களுக்குப் பொறி வேறிடத்தில் இருக்கிறது. மெனுவில் ‘பஃப்’ என்று இருந்தால் மாடு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ‘வோ’ என்பது கன்றிறைச்சி. அதைவிட மறைவானது ‘ஃபோன் து வோ’: கன்றின் எலும்பை மணிக்கணக்காக அவித்து வற்றவைத்த சாறு. மீனுக்கும் மரக்கறிக்கும் ஊற்றும் சோஸுக்குக்கூட அது அடியாக இருக்கலாம், தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூஸ், ஜெலி போன்ற இனிப்புகளில் ஜெலற்றின். அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வரும். பல சீஸ்களைத் திரைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். வெள்ளை வெண்ணெய்ச் சோஸில் வைன் சேரும், சில இனிப்பில் றம். இவற்றில் எது ஆகாது என்று பதியும்போதே எழுதி, சில நாள் முன்னர் தொலைபேசியிலும் சொல்லி, மேசையில் இருந்ததும் மூன்றாம் தரம் சொல்லுங்கள். சோஸ் அடிகளை முதலே செய்து வைப்பார்கள். தட்டு வந்த பிறகு சொன்னால் சோஸ் இல்லாத வெறும் மீன்தான் மிஞ்சும்.

மீனை நடுப்பகுதி கண்ணாடிபோல் இருக்கும்போதே இறக்குவது அவர்கள் முறை. இரணைமடுக் குளத்து மீனைப் புளிவிட்டுக் கொதிக்க வைத்துத் தின்றவர்களுக்கு அது பச்சை. ‘பியான் குயி’ என்று கேட்டால் நன்றாக வேகவைத்துத் தருவார்கள். ‘தார்த்தார்’ என்று மெனுவில் கண்டால் அநேகமாக முழுப் பச்சை, விட்டுவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கத்தி, கண்ணாடிப் போத்தல், பெரிய பை எதற்கும் இடமில்லை, வைத்துவிட்டுப் போக அறையும் இல்லை. அம்மம்மாவின் கைப்பையில் பாக்குவெட்டி கிடக்கும். சப்பென்று இருக்கும் என்று ஊறுகாய்ப் போத்தலும் சிலர் கொண்டுபோவதுண்டு. இரண்டையும் வீட்டிலேயே எடுத்து வையுங்கள்.

சேலை எங்கும் நல்ல உடுப்பு; உயரத்தில் காற்று அடிக்கும், முந்தானைக்கு ஊசி குத்தி மேலே கோட் போட வேண்டும். ஆண்களுக்கு நீளக் காற்சட்டை, சேட், மூடிய சப்பாத்து. ஜூல் வேர்ணுக்கு அரைக்காற்சட்டை, ரீசேட், விளையாட்டு உடுப்போடு போக முடியாது.

இருந்ததும் ஷாம்பெயின் வேண்டுமா என்று சிரித்தபடி கேட்பார்கள். அது உபசரிப்பு இல்லை, பில்லில் வரும். தண்ணீரும் அப்படித்தான்: ‘ஓ’ என்று மட்டும் சொன்னால் காசுப் போத்தல் வரும், ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பாணுக்குக் காசில்லை, கையால் பிய்த்துச் சாப்பிடலாம். கத்தி, கரண்டியை வெளிப்பக்கமிருந்து எடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்தால் முடிந்தது என்று தூக்கிவிடுவார்கள், கதைக்கும்போது விரித்தே வையுங்கள். கோப்பி இனிப்புக்குப் பிறகு பாலில்லாமல் வரும். சேவைக்கூலி விலையிலேயே சேர்ந்தது, மேலே கொடுப்பது உங்கள் விருப்பம்.

தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலிலிருந்து போவதானால் மெற்றோ 2இல் எத்துவால், அங்கே 6க்கு மாறி பிர்-ஹாக்கெமில் இறங்க வேண்டும். பாஸி நிலையம் கழிந்து ஆற்றைக் கடக்கும்போது கோபுரம் இடப்பக்கம் தெரியும், அம்மாவை அந்த யன்னலோரம் இருத்துங்கள். இருட்டியபின் மணிக்கொருதரம் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். கோபுரத்துக்குள் இருந்து அது சரியாகத் தெரியாது. ஆற்றைத் தாண்டி துறொக்கதேரோவில் நின்று பார்க்க வேண்டும். அங்கும் அந்த மெற்றோவிலும் களவு அதிகம். தாலிக்கொடி கோட்டுக்குள் இருக்கட்டும், கையெழுத்துக் கேட்டுக் கடதாசியோடு வருகிறவர்களுக்கு நின்று பதில் சொல்ல வேண்டாம்.