நெடுநெடுன்னு போன தக்காளி நாத்தைத் தூக்கிப் போடாதீங்க
கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி ஜாஸ்தியாகி ஒல்லியா இழுத்துட்டுப் போன தக்காளி நாத்துன்னா, கீழ் இலைகளைக் கிள்ளிட்டு பாதித் தண்டுக்கு மேல மண்ணுக்குள்ள போற மாதிரி நடுங்க, குரோ பேக்ல ஆழம் பத்தலைன்னா தண்டைச் சாய்ச்சுப் படுக்க வச்சு நுனியை மட்டும் வெளிய விட்டாலும் போதும். வெளிச்சம் பத்தாமதான் அப்படி நீளுது, ஆனா தக்காளித் தண்டுல மண்ணு படுற இடமெல்லாம் வேர் விடும் (பொடிப்பொடியா புடைச்சுட்டு இருக்குமே, அதுதான் அந்த வேர்), அதனால செடி ஆடாம நிக்கும். அப்புறம் வெயில் கட்டாயம், அதுக்காக நிழல்ல கிடந்ததை முதல் நாளே உச்சி வெயில்ல வைக்காதீங்க, இலை வெந்துடும்.

ஒட்டுக்கட்டின நாத்துக்கு (வேற செடியோட வேர்ப்பகுதி மேல தக்காளியை ஒட்ட வச்சது) இது வேண்டவே வேண்டாம், ஒட்டுன இடம் மண்ணுக்குள்ள போனா மேல் செடி தனியா வேர் விட்டு ஒட்டுக்குக் குடுத்த காசு வீண். மிளகாய், கத்திரி இந்த அளவுக்கு வேர் விடாது.