பாடகர் இல்லாத பெரிய பேண்ட்: ஆல்பம் போட்டு டூர் கிளம்புவது எப்படி

இரண்டு வயலின், ஒரு வயோலா, செல்லோ, டிரம்பெட், கூடவே கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். பாட ஆள் கிடையாது. இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு ஆல்பம் வெளியிட்டு ஊர் ஊராகப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆல்பத்தின் பெயரையோ அட்டைப்படத்தையோ அல்ல, மேடையில் எத்தனை பேர் நிற்கப்போகிறார்கள் என்பதை. ஸ்டுடியோவில் ஒரே வயலின்காரரை நான்கு தடவை வாசிக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். டூரில் அது நடக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் வேனில் ஒரு சீட், ராத்திரி படுக்க இடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் வேண்டும், ஒருத்தரைக் கூட்டினாலே மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

அதனால் ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு தடவை எழுதுங்கள், ஆல்பத்துக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. ரெக்கார்டிங் முடிந்த சூட்டோடு மேடைக்கான அரேஞ்ச்மென்டை, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்பதை எழுதிவிடுவது நல்லது, ஒத்திகையில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் ஒன்பது பேர் நேரம் வீணாகும். மெலடியையும் பேஸையும் தொடாதீர்கள். ஒரே ஸ்வரத்தை இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். நீளமாக நிற்கும் கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) கீபோர்டுக்குக் கொடுங்கள், நான்கு ஸ்வரக் கார்டில் ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்றால் அடி ஸ்வரத்திலிருந்து ஐந்தாவதாக வருகிற ஸ்வரத்தை (ச என்றால் ப) விடுங்கள், காது அதைத் தேடாது. டிரம்பெட்காரர் வர முடியாத ஊரில் அவருடைய வரியை வயோலாவுக்குத் தள்ளலாம், டிரம்பெட்டின் அடி ஸ்வரத்துக்கும் கீழே வயோலா இறங்கும். ஆனால் உச்சத்தில் டிரம்பெட் கிழித்துக்கொண்டு வரும் இடத்தில் வயோலா மெலிந்துபோகும், அங்கே இரண்டாவது வயலினையும் சேர்த்து வாசிக்கவையுங்கள்.

விடுபட்ட வாத்தியங்களை லேப்டாப்பிலிருந்து ஓட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். டிராக் ஓட ஆரம்பித்தால் எல்லோர் காதிலும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் வேண்டும், கிளிக் வந்துவிட்டால் மெதுவாக ஏறி வெடிக்கிற இடங்களில் எல்லோரும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வாசிக்கிற சுகம் போய்விடும். இந்த மாதிரி இசைக்கு ஆள் வருவதே அதற்காகத்தான்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டத்தில், சத்தத்தை ஏற்றி நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவந்துவிடும், ஆப்பிள் மியூசிக்கில் அது மைனஸ் 16. நீங்கள் எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள், போனது உங்கள் செல்லோவின் மெல்லிய சத்தம்தான். வினைல் இசைத்தட்டு போடுவதாக இருந்தால் 33 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 33 சுற்று) தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் தட்டில் பள்ளத்தை வெட்ட முடியும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஒலி சிதையும் என்பதால் டிரம்ஸும் டிரம்பெட்டும் அலறுகிற டிராக்கைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள். பேண்டுக்குள் இதற்குச் சண்டை வரும், எல்லோருக்கும் பெரிய டிராக்கோடு முடிக்கத்தான் ஆசை.

வினைல் அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகலாம். டெஸ்ட் பிரஸ்ஸிங்கை (முதலில் அச்சாகி வரும் மாதிரித் தட்டு) கேட்டு ஓகே சொல்லும்வரை டூர் தேதியை அறிவிக்காதீர்கள், விற்கத் தட்டு இல்லாமல் டூர் போவது பெரிய நஷ்டம். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன, நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு ஒரே ஒரு டிராக்கைத்தான் அனுப்ப முடியும், அதை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அங்கே 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு, ஆகவே இரண்டு நிமிடம் காற்றுச் சத்தத்தோடு தொடங்குகிற டிராக்கை சிங்கிளாகக் கொடுப்பதானால் தனியாக ஒரு சின்ன எடிட் செய்துகொள்ளுங்கள். படிவத்தில் மொழி கேட்கும் இடத்தில் இன்ஸ்ட்ருமென்டல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் தாய்மொழியைப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் டிராக் பெயர்கள். பாட்டு வரியை வைத்துத் தேட வழியே இல்லாததால் பெயர்தான் ஒரே பிடி, ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

யார் இசையமைத்தது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூலிக்கு வந்து வாசித்தவர்களிடமும் வாங்க வேண்டும். பாடல் வரி இல்லாத இசையைப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் கேட்டு வருவார்கள், அப்போது ஒரு கையெழுத்துக்காக எட்டு பேரைத் தேடி அலைய முடியாது.

இனி மேடை. டிரம்ஸ் பக்கத்தில் வயலின் மைக்கைத் திறந்தால் அதில் வயலினைவிட டிரம்ஸின் சிம்பல் தட்டுதான் அதிகம் கேட்கும். வாத்தியத்தில் மாட்டுகிற கிளிப் மைக் வாங்குங்கள், தந்தி வாத்தியக்காரர்களை டிரம்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரவைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், தரையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்காமல் காதில் மாட்டுகிற இன்-இயர் போட்டால் மைக் ஊளையிடுவதும் பாதி குறையும். வாத்தியத்தின் அதிர்வை நேரடியாக எடுக்கும் பியெசோ பிக்கப் வைத்திருக்கிறவர்கள் அதை நேராக மிக்ஸரில் செருகினால் தகர டப்பா மாதிரி ஒலிக்கும், 1 மெகாஓம் உள்ளீடு இருக்கிற டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாகப் போக வேண்டும். மிக்ஸரில் எந்தச் சேனலில் என்ன வாத்தியம், எந்த மைக்குக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், யார் எங்கே உட்காருகிறார் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் போட்டு அரங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், சின்ன அரங்கங்களில் 16 சேனல்தான் இருக்கலாம். சவுண்ட் செக்கை வழக்கமாக டிரம்ஸில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் செல்லோவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஊளையிடாமல் அது எவ்வளவு ஏறும் என்று தெரிந்த பிறகு டிரம்ஸ்காரர் அதற்கு ஏற்ப அடிக்கட்டும். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

விமானத்தில் செல்லோவுக்கும் ஒரு சீட் டிக்கெட் போடுங்கள், சரக்கில் ஏற்றாதீர்கள். நாடு தாண்டுவதாக இருந்தால் வாத்தியங்களுக்கு ஏடிஏ கார்னே (பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான சுங்க ஆவணம்) எடுத்துவைத்தால் சுங்கத்தில் வரி கட்டாமல் கடக்கலாம், ஒரு வருடம் செல்லும், ஆனால் எல்லா நாடும் அதை ஏற்பதில்லை. பழைய வில்களில் தந்தமோ ஆமை ஓடோ இருக்கும், சைட்டிஸ் (அழியும் நிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி இல்லாவிட்டால் எல்லையில் பிடுங்கிக்கொள்ளவும் செய்வார்கள், ஆகவே டூருக்கு கார்பன் ஃபைபர் வில் ஒன்றை வைத்துக்கொள்வதே நிம்மதி.

கச்சேரியில் அதிகம் பேசத் தேவையில்லை, ஆனால் நடுவில் தந்திகளைச் சுருதி சேர்க்கும் நேரத்தை யாராவது நிரப்ப வேண்டும். மொன்ட்ரியாலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் என்ற பேண்ட் மேடையில் பெரும்பாலும் பேசுவதில்லை, பின்னால் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் கிடார்காரரை ஒரு ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருக்கச் சொல்லலாம், மற்றவர்கள் அதற்குள் சரிசெய்துகொள்ளலாம். ஃபிலிம் இல்லாவிட்டாலும் இழுத்துப்பிடிக்கும் அந்த ஒரு ஸ்வரம் எந்த பேண்டுக்கும் கைகொடுக்கும்.

வாசித்த வரிசைப் பட்டியலை அன்றைக்கு ராத்திரியே உங்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தின் தளத்தில் ஏற்றிவிடுங்கள். கச்சேரிக்கான ராயல்டி அதை வைத்துத்தான் வரும், டூர் முடிந்து வீடு திரும்பிய பிறகு எந்த ஊரில் எதை வாசித்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.