சன்ஸ்கிரீன் வெயிலை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க

"சன்ஸ்கிரீன் போட்டா வெயில் பட்டுத் திரும்பிடுமா மிஸ்?" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். பெரும்பாலும் திரும்பாது, கிரீமே அதை விழுங்கிவிடும். அதைக் காட்ட நான் சமையலறையில் செய்தது இது.

வேண்டியவை: டானிக் வாட்டர், கண்ணாடி டம்ளர், மெல்லிய பாலிதீன் கவர், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் 395 வாங்கி ஏமாந்தேன். எந்த கிரீமும் அதைச் சரியாகத் தடுக்கவில்லை. கிரீம்தான் போலி என்று நினைத்துவிட்டேன். கிரீம் லேபிளில், புறஊதாவை விழுங்கும் பொருளாக அவோபென்சோன், அல்லது பியூட்டைல் மெத்தாக்சிடைபென்சாயில்மீத்தேன் என்று இருக்கட்டும். இரண்டும் ஒன்றுதான். அது அதிகமாக விழுங்குவது 357 நானோமீட்டர் பக்கம்.

கவரில் 5 செ.மீ. சதுரம் வரைந்து, மிளகு அளவு கிரீமை ஒரே சீராகத் தடவுங்கள். சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம், எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு எண்) சோதனையில் பூசும் அளவு அதுதான். பக்கத்தில் இன்னொரு சதுரத்தில் சாதாரண முகக் கிரீம். விளக்கை அணைத்து, டார்ச்சை டம்ளரை நோக்கி அடியுங்கள் (கண்ணில் படவே கூடாது). நீர் நீலமாக ஒளிரும். குறுக்கே முகக் கிரீமைப் பிடித்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். சன்ஸ்கிரீனைப் பிடித்தால் நீலம் ஏறக்குறைய அணைந்துவிடும்.

போன ஒளி என்ன ஆனது? டானிக் வாட்டரில் இருக்கும் குயினைனும் புறஊதாவை விழுங்குகிறது. ஆனால் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. சன்ஸ்கிரீன் மூலக்கூறு அதை வெப்பமாக்கி உதறிவிடும். ஆக்சிபென்சோன் என்ற இன்னொரு சன்ஸ்கிரீன் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒளி பட்டதும் அதன் ஹைட்ரஜன் ஒன்று தன் ஆக்சிஜனை விட்டுப் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவுகிறது. அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. மூலக்கூறு நெளிந்து அதிர்ந்து, சக்தியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பழைய இடத்துக்கே வந்துவிடும். அடுத்த ஒளித்துகளுக்குத் தயார். அந்தச் சூடு தோலுக்குத் தெரியாது. வெயிலின் சூடே அதைவிடப் பல மடங்கு.

அவோபென்சோன் இதில் கொஞ்சம் பலவீனம். வாங்கிய சக்தியை உதற முடியாமல் சில சமயம் தானே உடைந்துபோகும். அதனால்தான் கூடவே ஆக்டோக்ரைலீன் என்ற இன்னொரு பொருளைச் சேர்க்கிறார்கள். அவோபென்சோனின் சுமையை அது வாங்கிக்கொள்ளும்.

கடைசியாக, அதே அளவு புதுச் சதுரம் ஒன்றில் கால் மிளகு அளவு மட்டும் தடவிப் பாருங்கள். என் மாமியார் விபூதி மாதிரி ஒரு கோடு இழுப்பாரே, அந்த அளவு. நீலம் மறுபடி எட்டிப் பார்க்கும்.