டாக்டரிடம் புரியாமலே ‘சரிங்க’ சொல்வதால் வரும் தவறுகள்

ஓ.பி.யில் வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனால் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொல்கிறார். அடுத்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். பாதி காதில் விழாவிட்டாலும் நோயாளி “சரிங்க டாக்டர்” என்று எழுந்துவிடுகிறார். “இதுகூடத் தெரியாதா” என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான் காரணம். நாலு எழுத்து படித்தவர்களுக்கு அது இன்னும் கூடுதல்.

கேள்வி கேட்பவர்கள்கூட முதலில் கேட்பது நோயின் பெயரைத்தான். அது புரியாமல் போனால் பெரிய நஷ்டமில்லை, பிறகும் கேட்டுக்கொள்ளலாம். மருந்தை எப்படி எடுப்பது என்பதில் தலையாட்டினால்தான் வம்பு.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குறையும், உயிரே போகலாம். ‘வாரம் ஒரு முறை’ என்று டாக்டர் சொன்னதும் “எந்தக் கிழமைங்க?” என்று கேளுங்கள். கிழமையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

குழந்தைக் காய்ச்சலில் தவறு வேறு மாதிரி. பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து பல பிராண்டுகளில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று டாக்டர் கணக்கிட்டால், முதல் சிரப்பில் அது 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. ‘ஒரு ஸ்பூன் கொடுங்க’ என்பதற்குத் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டிலிருக்கும் வேறு பாட்டிலை எடுத்தால் அளவு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆகும், அல்லது பாதியோ கால்வாசியோ ஆகும். எத்தனை மி.லி., எந்த பாட்டில் என்ற இரண்டையும் கேட்காமல் எழக்கூடாது. அளவுக்கு பாட்டிலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு மூச்சோடு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் என்ற பொடி கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குபவர்கள் உண்டு. பார்க்க மற்ற கேப்ஸ்யூல் போலவே இருக்கும், யாரைக் குறை சொல்ல? கருவி எதுவானாலும் டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் ஒரு முறை நீங்களே செய்து காட்டுங்கள். அவர் செய்து காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது.

சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். தைராய்டு மாத்திரைக்கு ‘வெறும் வயிற்றில்’ என்றால், தண்ணீரோடு போட்டு, காபி டீ உட்பட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. ‘சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து’ சர்க்கரை பார்க்கச் சொன்னால், சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

தலையாட்டுவதற்குப் பதில் என்ன சொல்வது? “புரியலை” என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் அதைச் சொல்லவே வேண்டாம். “நான் சொல்றது சரியான்னு பாருங்க டாக்டர்: இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, அஞ்சு நாள்” என்று ஒப்பியுங்கள். அரை நிமிடம் ஆகும். தப்பிருந்தால் அவரே திருத்திவிடுவார். கூடவே, எந்த அறிகுறி வந்தால் நாள் பார்க்காமல் திரும்ப வர வேண்டும் என்றும் கேளுங்கள். ‘வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை’ என்று அடையாளம் வைப்பது ஆபத்து. பிராண்ட் மாறினால் நிறமும் மாறும், பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒன்று. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க” என்று கேட்டால் உண்மை வெளிவரும். வயதானவரோடு மகனோ மகளோ வந்திருந்தால் அவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். வீட்டில் மாத்திரையை எடுத்துப் போடப்போவது யாரோ, அவர்தான் சொல்ல வேண்டும்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாகிவிட்டதா? மெடிக்கல் ஷாப்பில் ஒவ்வொரு அட்டையிலும் வேளையையும் அளவையும் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயும் குழப்பமென்றால் ஓ.பி.க்குத் திரும்பி நர்ஸிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே பெயரில் மாத்திரை இருந்தாலும் அவருடைய அளவு உங்களுடையது ஆகாது.

அடுத்த முறை போகும்போது “பி.பி. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்ற கேள்வி வரும். முதல் முறை புரியாததை மறைக்க இங்கேயும் ‘ஆமாங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். பி.பி. குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொரு மாத்திரை சேர்ப்பார். பிறகு ஒரு நாள் இரண்டையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் பி.பி. சட்டென இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கீழே விழ நேரும். “ராத்திரி மாத்திரை வாரத்துல ரெண்டு மூணு நாள் விட்டுப்போகுதுங்க” என்று சொன்னால், சீட்டில் மாற வேண்டியது மருந்தா, வேளையா என்று அவர் பார்த்துக்கொள்வார்.