உணவுக்குப் பின் நடை: இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு உதவும் முறை

இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்க ஆண்டுகளில் இன்சுலின் இல்லாமற் போவதில்லை. அதைச் சுரக்கும் உறுப்பான சதையி (கணையம்) வழமையைவிடக் கூடுதலாகச் சுரக்கும் காலமும் உண்டு. மந்தமாவது இன்சுலினுக்குச் செவிசாய்க்க வேண்டிய கலங்களே. வழமையாக, இன்சுலின் தசைக் கலத்தைப் பற்றியதும் குளுட் 4 என்னும் கடத்திப் புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். எக்சோகைனேசு என்னும் நொதியம் அதனை வெளியேறாதபடி மாற்றிவைக்க, கிளைக்கோசன் சிந்தேசு என்னும் நொதியத்தின் துணையோடு அதில் ஒரு பகுதி கிளைக்கோசனாகச் சேமிக்கப்படும். இந்நோயில் இப்படிகள் யாவும் தளர்ந்துபோகின்றன. ஈரலும் இன்சுலினின் தடையை மதியாமல் இரவிலே குளுக்கோசை ஆக்கி விடுவதால், வெறும் வயிற்றோடு எழும் காலையிலும் இரத்தத்தில் சீனி உயர்ந்து நிற்கிறது.

இங்கே நமக்குக் கைகொடுப்பது தசையின் இன்னொரு வழி. தசை சுருங்கும்போது ஏ.எம்.பி.கே. போன்ற நொதியங்கள் கிளர்ந்து, இன்சுலினின் ஏவல் இல்லாமலே குளுட் 4ஐ மேற்பரப்புக்கு அனுப்புகின்றன. நடை முடிந்த பின்னும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை, கலம் இன்சுலினுக்கு முன்னையிலும் நன்றாக இணங்குகிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலாவெளி மணலில் இரண்டு மணிநேரம் நடப்பதைவிட, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல், கிழமைக்கு 150 நிமிடமாவது நடப்பதே பயன் தரும்.

சாப்பிட்டு அரை மணிநேரத்துக்குள் தொடங்கி, பேசக்கூடிய ஆனால் பாட முடியாத வேகத்தில் 15 நிமிடம் நடவுங்கள். திருகோணமலை வெயிலில் மதிய நடை வேண்டாம். மதியச் சோற்றுக்குப் பின் வீட்டு விறாந்தையே போதும், இராச் சாப்பாட்டுக்குப் பின் உட்துறைமுக வீதிக்குப் போகலாம். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பயனைத் தாமே அளந்து பார்க்கலாம். ஒரே அளவு புட்டும் கறியும் இரண்டு இரவுகளில் உண்டு, ஓர் இரவு நடந்தும் மற்ற இரவு இருந்தும், உண்ணுமுன்னும் உண்ணத் தொடங்கி இரண்டு மணிநேரத்திலும் விரல்நுனி இரத்தத்தைச் சோதித்து, அந்த அளவுகளைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். உணவுக்குப் பின் 180 மி.கி./டெ.லீ.க்குக் கீழே நிற்பது பலருக்கும் வைக்கப்படும் இலக்கு.

இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள், தசையின் இந்த வழியும் சேர்ந்துகொள்ளும்போது சீனி மிகவும் இறங்கிவிடலாம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நடக்கப்போகும் வேளையில் தொடையில் ஊசி ஏற்றினால் மருந்து விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றில் ஏற்றுவது நல்லது. வியர்வையும் நடுக்கமும் கண்டால், அல்லது அளவு 70க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

கால் விறைத்து உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய சப்பாத்து அணிய வேண்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறுவதானால், கல் சூடேறுமுன் விடியற்காலையிலே போய், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை நடையை நிறுத்தி, கதிரையில் இருந்தபடி கைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.