ஜேம்ஸ் டெய்லரின் 1976 தொகுப்பு: பழைய இசைத்தட்டாக வாங்குவது எப்படி

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ இசைத்தட்டை வார்னர் பிரதர்ஸ் 1976-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆகவே ‘அரிய பிரதி’ என்று விலையை ஏற்றினால் வாங்காதீர்கள்; நல்ல தட்டு வேறு கிடைக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் ‘சம்திங் இன் த வே ஷீ மூவ்ஸ்’, ‘கரோலினா இன் மை மைண்ட்’ இரண்டும் பழைய பதிவுகள் அல்ல. 1968-இல் லண்டனில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான பாட்டுகளை, இந்தத் தொகுப்புக்காக டெய்லர் மறுபடி பாடினார். ‘கரோலினா’வில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த பேஸ் கிட்டார் வேண்டுமென்றால் ஆப்பிள் ஆல்பத்தைத்தான் தேட வேண்டும். ஆனால் புதிய பதிவில் வேகம் தணிந்து, ஸ்டீல் கிட்டார் இழைந்து, குரல் கனிந்திருக்கிறது. கேட்கக் கேட்க இதுவே மேல் என்று தோன்றும்.

கடையில் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால், சுற்றுக்கொரு தரம், அதாவது 1.8 நொடிக்கு ஒருமுறை, ‘டக்’ கேட்கும். எந்தக் கழுவலிலும் அது போகாது.

போட்டுப் பார்க்க விட்டால் முதல் பக்கத்தின் கடைசியான ஆறாவது பாட்டை, ‘யூ’வ் காட் எ ஃப்ரெண்ட்’ பாட்டைக் கேளுங்கள். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் தட்டு ஓடும் வேகம் குறைவதால் தேய்மானம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ‘ஸ’கரங்கள் கரகரத்தால் தட்டு தேய்ந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். ‘ஸ்டீம்ரோலர்’ மேடைப் பதிவு, கூட்டத்தின் சத்தம் குறைகளை மறைத்துவிடும்.

கழுவ, காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, மணமில்லாத பாத்திர சோப்புத் திரவம் ஒரு சொட்டு. நடு லேபிள் நனையாமல், மென்துணியால் வரிகளின் (ஒலி பதிந்த பள்ளங்களின்) போக்கிலேயே துடையுங்கள். குறுக்கே துடைத்தால் தூசியே கீறும். பிறகு வெறும் வடிநீரால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகாது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

ஊசியின் அழுத்தத்தை அதன் கையேட்டில் உள்ளபடியே வையுங்கள். பலவற்றுக்கு அது 1.5 முதல் 2 கிராம் வரை. தட்டு தேயுமே என்று பயந்து குறைப்பவர்கள் உண்டு. குறைத்தால் ஊசி வரிக்குள் துள்ளி, சுவரைச் சிதைக்கும். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், வெயில் படாத அலமாரியில் நேராக நிறுத்துங்கள்.